வாசல் வரை வந்தால் போதும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இளைஞர் மன்றத்தில் சேர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் கூடவே நின்று உதவ வேண்டுமா, தள்ளி நின்று உதவ வேண்டுமா என்பதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "பிள்ளை தடுமாறும்போது தாங்கிப் பிடிக்காமல் பெற்றோர் எதற்கு?" என்று கேட்டார். நான் தாங்கிப் பிடித்துப் பார்த்தவன் ஐயா. அதைச் சொல்கிறேன்.

போன வருஷம் என் மகனுக்கு மன்றத்தில் விளையாட்டுச் சாமான்களின் கணக்கு எழுதும் பொறுப்பைக் கொடுத்தார்கள். 13 வயது. கூட்டத்துக்கு முந்தின இரவு நோட்டைப் புரட்டினால் பாதிப் பக்கம் காலி. அவன் தூக்கக் கலக்கத்தில் சொல்லச் சொல்ல, நானே கோடு போட்டு, தேதி போட்டு எழுதி முடித்தேன். மறுநாள் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "அந்த ரெண்டு பந்து யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள். நோட்டைப் புரட்டினான், புரட்டிக்கொண்டே இருந்தான். எல்லாம் என் கையெழுத்து. கடைசியில் மூடி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலி நோட்டோடு போயிருந்தால்கூட, "எழுத மறந்துட்டேன்" என்று அவனே சொல்லியிருப்பான். மார்க் போகாத இடத்தில் ஒரு தப்பைச் செய்து, அதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளப் பழகத்தானே மன்றம்? அந்த வாய்ப்பை நான் பறித்துவிட்டேன்.

1907-இல் பேடன் பவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. சிறுவர்களை 4 அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவன் ஆக்கினார். பெரியவர்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள். அணியை நடத்தியது பையன்கள்.

பரிசு கொடுத்து ஊக்கப்படுத்தலாம் என்றார் நண்பர். 1973-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஆசை உள்ள சின்னக் குழந்தைகளிடம் "வரைந்தால் பரிசு உண்டு" என்று முன்கூட்டியே சொல்லி வரையவிட்டார்கள். அப்புறம் அந்தக் குழந்தைகள் தாங்களாக வரையும் நேரம் குறைந்துபோனது. தானாக ஓடும் பிள்ளைக்கு எதற்கு ஐயா கூலி?

ஓர் இடத்தில் மட்டும் எதிரணியோடு முழுசாக ஒத்துப்போகிறேன். பாதுகாப்பு. சேர்க்கும் முன்பே கேளுங்கள்: பொறுப்பாளர் யார், அவர் பின்னணியை விசாரித்தார்களா, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா? சங்கடப்படாமல் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் சேர்க்காதீர்கள். "அங்கே போக மாட்டேன்" என்று பிள்ளை திடீரென்று சொன்னால் திட்டாமல் உட்கார வைத்துக் கேளுங்கள்.

மற்றபடி நேரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். கூட்ட நாளில் வேறு வேலை வைக்காதீர்கள். திரும்பி வரும் வழியில் "ஜெயிச்சியா?" வேண்டாம். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" போதும். அவன் பேசாவிட்டால் நீங்களும் பேசாமல் வாருங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து என் மகன் வந்து, "புது நோட்டு ஒண்ணு வேணும்பா" என்றான். வாங்கிக் கொடுத்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று இன்றுவரை நான் திறந்து பார்க்கவில்லை.