சிரிப்புக்குக் கணக்கு எழுதியவர்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் மேடை நகைச்சுவையாளர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் உங்களில் பலருக்கு ஏற்கெனவே அறிமுகமான இளைஞர் ஒருவரை நான் எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கென் டாட் என்பவரைத் தேர்ந்தெடுத்தேன். லிவர்பூல்காரர். அதே ஊரிலிருந்து கிளம்பிய பீட்டில்ஸ் பாடகர் குழுவினர் உலகத்தையே சுற்றிவந்தார்கள். இவருக்குப் பிரிட்டன் போதுமானதாக இருந்தது. அதனால்தான் நமக்கு இவர் பெயர் அவ்வளவாக எட்டவில்லை.

லிவர்பூலின் ஓரத்தில் நாட்டி ஆஷ் என்றொரு பகுதி. அங்கே ஒரு பழைய பண்ணை வீட்டில் 1927 நவம்பர் 8 அன்று பிறந்தார். 2018 மார்ச் 11 அன்று, தொண்ணூறாவது வயதில், அதே வீட்டில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் கோடீஸ்வரர் ஆனார், சர் பட்டம் பெற்றார். வீட்டை மட்டும் மாற்றவில்லை.

தந்தை ஆர்தர் டாட் நிலக்கரி வியாபாரி. மகன் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தந்தையோடு கரி மூட்டை சுமக்கப் போனார். பிறகு தனியாக ஒரு வேனை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களைத் தெருத்தெருவாக, வீடு வீடாக விற்றார். இந்தப் பகுதியை வாழ்க்கை வரலாறு சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எந்தத் தெருவில் எது விலைபோகும், எந்த வாசலில் எதைச் சொன்னால் கதவு திறக்கும் என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவனுக்குத்தான் அந்தத் தொழில் சோறு போடும். அந்தப் புத்தியைத்தான் டாட் பிற்பாடு மேடைக்கும் கொண்டுபோனார்.

மேடை ஆசை வந்தது ஒரு விளம்பரத்தால். சிறுவர் இதழ் ஒன்றில், ஆறு பென்ஸுக்குத் தபால்தலை அனுப்பினால் பொம்மையைப் பேசவைக்கும் வித்தையைக் கற்றுத்தருவதாகப் போட்டிருந்தது. அனுப்பினார். தந்தை ஒரு பொம்மையும் வாங்கிக் கொடுத்தார். அதற்குச் சார்லி பிரவுன் என்று பெயர் வைத்து, உள்ளூர் அநாதை இல்லத்துக் குழந்தைகள் முன்னால் முதல் நிகழ்ச்சி நடத்தினார். அவருக்கு முன்பல் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும், அதற்கும் ஒரு கதை உண்டு. ஏழு வயதில் நண்பர்கள் சவால்விட்டார்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். விழுந்தார். அந்தப் பல் பின்னாளில் அவருடைய முகவரி ஆகிவிட்டது. தலைமுடியைச் செங்குத்தாகச் சீவிவிட்டு, சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த இறகுத் துடைப்பம் ஒன்றைக் கையில் ஏந்தி வந்து நிற்பார். அதைக் கிச்சுகிச்சுக் கோல் என்பார். வாயைத் திறக்கும் முன்பே பாதி அரங்கம் சிரித்துவிடும்.

தொழில்முறை மேடை 1954 செப்டம்பரில் கிடைத்தது, நாட்டிங்ஹாம் எம்பயர் அரங்கில். அந்தக் காலத்து வெரைட்டி அரங்கு எப்படி நடந்தது என்பதைச் சொன்னால்தான் இவர் வேலையின் கடினம் புரியும். ஒரே இரவில் இரண்டு ஆட்டம். பாடகர், வித்தைக்காரர், நாய்களை வைத்து வேடிக்கை காட்டுபவர், நடனக்காரிகள் என்று வரிசையாக வருவார்கள். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் பின்னால் காட்சி மாற்ற வேண்டும். அப்போது முன்திரையை இறக்கிவிடுவார்கள். திரைக்கு முன்னால் இருக்கும் அந்தக் குறுகலான இடத்தில் தனியாக நின்று, பின்னால் மேசை நாற்காலி இழுபடும் சத்தம் காதில் விழாதபடி ஜனங்களைச் சிரிக்கவைப்பதுதான் நகைச்சுவையாளரின் வேலை. இன்று ஒலிவாங்கியோடு தனியாக நின்று பேசுகிறார்களே, அவர்களுக்கெல்லாம் மூதாதை இந்த முன்திரை ஆள்தான்.

அரங்குக்கு அரங்கு ரசனை வேறு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ எம்பயர் என்றால் ஆங்கிலேய நகைச்சுவையாளர்களின் சுடுகாடு என்றே பெயர். அதிலும் வாரக் கடைசியின் இரண்டாம் ஆட்டம், குடித்துவிட்டு வந்த கூட்டம். டாட் படித்தவர், சிரிப்பைப் பற்றி உளவியல் அறிஞர் ஃப்ராய்ட் எழுதியதையும் தத்துவ அறிஞர் பெர்க்சன் எழுதியதையும் தேடிப் படித்தவர். படித்து முடித்துவிட்டு அவர் சொன்ன விமரிசனம் இதுதான்: ஃப்ராய்டின் குறை என்னவென்றால், அவர் சனிக்கிழமை இரவு கிளாஸ்கோ எம்பயரில் இரண்டாம் ஆட்டம் ஆடியதில்லை. சிரிப்பைப் பற்றிய தத்துவங்களுக்கு இதைவிட நியாயமான மறுப்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர் கேலியோடு நிற்கவில்லை. ஃப்ராய்ட் செய்யாத களப்பணியைத் தானே செய்தார். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் எந்த ஊர், எந்த அரங்கு, எந்த ஜோக், எவ்வளவு சிரிப்பு என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தார். அறுபது ஆண்டுக்கு மேல் இந்தப் பழக்கத்தை விடவில்லை. நூற்றுக்கணக்கான நோட்டுகள் சேர்ந்தன. பிரிட்டனுக்குச் சிரிப்பு வரைபடம் ஒன்று உண்டு என்பார். மான்செஸ்டரில் எடுபடுவது பர்மிங்ஹாமில் படுத்துவிடும். அதை அதில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது பொருள். இதையே ஜோக்காகவும் ஆக்கினார். லிவர்பூலில் ஒரு ஜோக் சொன்னால் லண்டனில் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் காதில் விழாது.

நிமிடத்துக்கு ஏழு சிரிப்பு வர வேண்டும் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட அளவு. வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை லிவர்பூல் அரங்கு ஒன்றில் மூன்றரை மணி நேரம் நிறுத்தாமல் 1500 ஜோக்குகள் சொல்லிச் சாதனை படைத்தார். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு ஏழுக்குச் சற்று மேலேயே வருகிறது.

அறுபதுகளிலேயே அவர் பெரும் புகழை அடைந்திருந்தார். 1965இல் லண்டனின் பல்லேடியம் அரங்கில் தொடர்ந்து 42 வாரம் அவருடைய நிகழ்ச்சி ஓடியது. கோபக்கார நாடகாசிரியர் என்று பெயரெடுத்த ஜான் ஆஸ்பர்ன், தன் நாடகக் குழுவை அழைத்துக்கொண்டுபோய், நடிப்பு என்றால் என்ன என்று பாருங்கள் என இவரைக் காட்டினார். அதே ஆண்டில் ‘டியர்ஸ்’ என்ற பழைய காதல் பாட்டு ஒன்றைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். ஐந்து வாரம் முதலிடம். அறுபதுகளில் பிரிட்டனில் மிகுதியாக விற்ற ஐந்து தட்டுகளில் நான்கு பீட்டில்ஸ் உடையவை. மீதமுள்ள ஒன்று இது. பாட்டைக் கேட்டுப் பாருங்கள். உருக்கமான குரல், சாதாரணப் பாட்டு. அவ்வளவுதான் என் கருத்து. மேடையிலும் ஜோக்குகளுக்கு நடுவே இப்படி உருகிப் பாடுவார். அந்த நேரத்தில் காப்பி குடிக்கப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அவர் காலத்திலேயே வெரைட்டி அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவரை முதலில் ஏற்றிய நாட்டிங்ஹாம் எம்பயர் 1958இல் மூடியது. கிளாஸ்கோ எம்பயர் 1963இல். காரணம் தொலைக்காட்சி. அரங்கில் பன்னிரண்டு நிமிடச் சரக்கை வைத்துக்கொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் பிழைக்கலாம். தொலைக்காட்சியில் அதே சரக்கை ஒரே இரவில் நாடே பார்த்துவிடும்; மறுநாள் கையில் ஒன்றும் இருக்காது. டாட் தொலைக்காட்சிக்கும் போனார். நாட்டி ஆஷில் ரொட்டியும் ஜாமும் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவதாகக் கதைகட்டி, அங்கே வேலை செய்யும் குள்ள மனிதர்களைப் படைத்துக் குழந்தைகளை மகிழ்வித்தார். ஆனாலும் டிக்கெட் வாங்கி வந்து உட்காருபவர்களைத்தான் அவர் நம்பினார்.

உட்கார்ந்தவர்கள் எளிதில் எழுந்து போக முடியாது. நம் மேடைகளில் பேச்சு சற்று நீண்டால் துண்டுச்சீட்டு வந்துவிடுகிறது. இவருக்குச் சீட்டுக் கொடுக்க ஆளில்லை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி நள்ளிரவைத் தாண்டும். இது தொலைக்காட்சி இல்லை அம்மா, அணைக்க முடியாது என்று முன்வரிசைப் பெண்மணியைப் பார்த்துச் சொல்வார். தப்பித்துப் போனால் வீடுவரை பின்தொடர்ந்து வந்து கதவின் தபால் துவாரம் வழியாக ஜோக் சொல்லுவேன் என்று மிரட்டுவார். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்கூட அடுத்த ஆண்டும் டிக்கெட் வாங்கினார்கள்.

இனி அவர்மேல் நடந்த வரி வழக்குக்கு வருகிறேன். 1989இல் வருமான வரி ஏய்ப்பு, பொய்க் கணக்கு என்ற குற்றச்சாட்டுகளோடு லிவர்பூல் நீதிமன்றக் கூண்டில் நின்றார். பரணிலும் அலமாரிகளிலும் படிக்கட்டின் அடியிலுமாக, சூட்கேஸ்களில் 3,36,000 பவுண்டு ரொக்கம் வைத்திருந்தது தெரியவந்தது. வரி குறைவான ஜெர்சி, ஐல் ஆஃப் மேன் தீவுகளில் வங்கிக் கணக்குகள் வேறு. ஒரு லட்சம் பவுண்டு நிறைந்த சூட்கேஸைத் தூக்கினால் எப்படி இருக்கும் என்று நீதிபதி கேட்டதாகவும், “நோட்டுகள் மிகவும் இலேசானவை, பிரபு” என்று இவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. அவருடைய வழக்கறிஞர் ஜார்ஜ் கார்மன் வாதத்தில் வல்லவர். கணக்காளர்களில் சிலர் கோமாளிகளாக இருப்பதுண்டு, ஆனால் கோமாளிகள் ஒருநாளும் கணக்காளர்களாக இருப்பதில்லை என்று ஜூரிகளிடம் சொன்னார். எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் டாட் விடுதலையானார்.

கார்மனின் வாக்கியம் அழகானது; வழக்கையும் வென்றுகொடுத்தது. ஆனால் அந்த நோட்டுப்புத்தகங்களை நினைத்துப் பார்த்தால், அது முழு உண்மை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் எந்த ஊரில் எந்த வாக்கியத்துக்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று தேதிவாரியாக எழுதிவைத்த மனிதர் அவர். கணக்கு அவருக்கு நன்றாகவே வரும். எதற்குக் கணக்கு வைப்பது என்பதில்தான் அவருக்கும் வரித்துறைக்கும் கருத்து வேறுபாடு. சேர்த்த பணத்தை அவர் செலவழித்தும் பெரிதாக அனுபவிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வழக்கால் அந்தரங்க வாழ்க்கை சந்திக்கு வந்ததும், அவர் பல மாதம் வேதனைப்பட்டதும் உண்மை. ஆனால் மேடைக்குத் திரும்பியதும் முதலில் எடுத்தது அதைத்தான். அந்நாட்டு வரித்துறைக்கு அப்போது ‘இன்லாண்ட் ரெவின்யூ’, அதாவது உள்நாட்டு வருவாய்த்துறை என்று பெயர்; கடலோரத்தில் வசிப்பதால் நான் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை என்று அவர்களிடம் சொன்னேன் என்பார். வருமான வரியை முதன்முதலில் விதித்தபோது பவுண்டுக்கு இரண்டு பென்ஸ்தானாம், இன்றைக்கும் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன் என்பார். கூட்டம் அவர் பக்கம் இருந்தது.

எழுபதுகளின் முடிவில் லண்டனில் புதிய தலைமுறை நகைச்சுவையாளர்கள் கிளம்பினார்கள். 1979இல் தொடங்கிய காமெடி ஸ்டோர் அவர்களின் கூடாரம். அரசியல் பேசினார்கள், சொந்த வாழ்க்கையைப் பேசினார்கள், பழைய ஆட்களைப் பழித்தார்கள். பழித்ததில் நியாயமும் இருந்தது. மாமியாரையும் நிறத்தையும் வைத்துக் காலம் தள்ளியவர்கள் அந்தப் பழைய கூட்டத்தில் நிறையப் பேர். டாட்டின் சரக்கிலும் நரைத்துப்போனவை உண்டு. ஆனால் அவருடைய சிறந்த பகுதி வேறு வகை. “இன்றைக்கு என்ன அருமையான நாள்!” என்று ஆரம்பிப்பார். எதற்கு அருமையான நாள்? பக்கத்து வீட்டுத் தபால் துவாரத்தில் ஒரு வெள்ளரிக்காயை நுழைத்து, செவ்வாய்க் கிரகத்தார் வந்துவிட்டார்கள் என்று கத்துவதற்கு! இதில் யாரையும் மட்டம் தட்டும் வேலை இல்லை.

நாடகக்காரர்களும் அவரை விடவில்லை. 1971இல் லிவர்பூல் பிளேஹவுஸில் ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் மல்வோலியோ என்ற பாத்திரமாக நடித்தார். கென்னத் பிரனா 1996இல் எடுத்த ‘ஹாம்லெட்’ படத்தில் யோரிக்காக வருகிறார். நாடகத்தில் யோரிக் வெறும் மண்டையோடுதான். படத்தில் பழைய நினைவாக, உயிரோடு அரசவையைச் சிரிக்கவைக்கும் விதூஷகனாக டாட்டைக் காட்டினார்கள். மண்டையோட்டின் பல்லைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

2017 புத்தாண்டுப் பட்டியலில் சர் பட்டம் வந்தபோது வயது 89. அப்போதும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். கடைசி நிகழ்ச்சி அதே ஆண்டு டிசம்பர் 28, லிவர்பூலில். அடுத்த சில வாரங்களில் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் கிடந்தார். வீடு திரும்பியதும், 2018 மார்ச் 9 அன்று, நாற்பது ஆண்டாகத் துணையாக இருந்த ஆன் ஜோன்ஸைத் தன் வீட்டிலேயே மணந்துகொண்டார். அந்த அம்மையாரும் மேடைக் கலைஞர். இரண்டு நாள் கழித்து டாட் இறந்தார்.

காதலால் செய்த திருமணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிரிட்டன் சட்டப்படி கணவன் சொத்து மனைவிக்குப் போனால் வாரிசு வரி கிடையாது. மறுவாரமே பத்திரிகைகள் இதைக் கவனித்து எழுதிவிட்டன. இந்த ஒரு ஜோக்குக்கு எந்த ஊரில் எவ்வளவு சிரிப்பு என்று எழுதிவைக்கத்தான் அவர் இல்லை.

நன்றி, வணக்கம்.