கீழே விழாத தூள்

வணக்கம். நான் பெங்களூர் அல்சூரில் 32 வருடமாக மர வேலை செய்கிறவன். இன்று தூளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அப்பாவிடம் தொழில் பழகிய காலத்தில், தேக்குப் பலகையில் இழைப்புளி போட்டால் சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழும். சாயங்காலம் கூட்டி அள்ளினால் அம்மாவின் அடுப்புக்கு ஆகும். இப்போது எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, பிளைவுட்தான். எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக்கி, பிசின் கலந்து, சூட்டில் அழுத்திய பலகை. அதை அறுத்தால் சீவல் வராது, மாவுதான் வரும். அந்த மாவில் நைசானது சீக்கிரம் கீழே விழாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே விழாது.

ஒயிட்ஃபீல்டில் ஒரு பத்தாவது மாடி வீடு. தூசி வருகிறது என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்ததால், ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாட்ரோப் கதவுகளை அறுத்தோம். கூட வேலை பார்த்தவன் தர்மபுரிப் பக்கத்துப் பையன், முகத்தில் கர்ச்சீப் கட்டியிருந்தான். மதியம் மெஷினை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியிருக்கும். பால்கனிக் கதவு வழியாக வெயில் பட்டையாக உள்ளே விழுந்தது. அந்தப் பட்டைக்குள் தூள் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் உட்கார்ந்துதான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பையன் கர்ச்சீப்பை அவிழ்த்து உள்பக்கத்தைக் காட்டினான். மூக்கு இருந்த இடத்தில் இரண்டு பழுப்பு வட்டம். "கட்டியிருந்தும் இப்படியாண்ணே?" என்றான். எனக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை 1995இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தேக்குத் தூளும் அதில் அடக்கம், பழைய மரம் சாது என்று நினைத்துவிடாதீர்கள். போர்டில் கூடுதலாகப் பிசின் இருக்கிறது. யூரியா ஃபார்மால்டிஹைடு. புதுக் கப்போர்டைத் திறந்ததும் கண் கரிக்கிறதே, அது இந்தப் பிசினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுதான். 2004இல் அதுவும் அதே பிரிவுக்குப் போனது. வெயிலும் ஈரமும் கூடினால் அதிகமாக வெளியேறும்.

கர்ச்சீப் போதாது. என்95 மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருந்தால் தூளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயுவுக்கு ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும். முடிந்தவரை வெளியிலோ பட்டறையிலோ அறுத்துக் கொண்டுவாருங்கள். கட்டரிலேயே வேக்குவம் குழாயை மாட்டுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், விழுந்த தூளும் மறுபடி எழும்பிவிடும். வீட்டுக்காரர்களே, போர்டு வாங்கும்போது வாயு குறைவாக வெளியேறும் ஈ1 அல்லது ஈ0 தரம் என்று கேளுங்கள். அறுத்த ஓரத்தை எல்லாம் ஓரப் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள், உள்பக்க ஓரத்தையும் சேர்த்து.

சரி, இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். கட்டரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்றிருந்தேன். கல் அறுக்கும் மெஷினில் மரப் பிளேடைப் போட்டு, பிளேடை மூடியிருக்கும் காப்பான கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறோம். பலகை இறுகிப் பிளேடைக் கவ்வினால் மெஷின் நம் பக்கம் துள்ளும். கார்டைக் கழற்றாதீர்கள். துணிக் கையுறையும் போடாதீர்கள், பிளேடு இழுத்துக்கொள்ளும். சன்மைக்கா ஒட்டும் பசை டப்பா திறந்திருக்கும் அறையில் பீடி பற்றவைக்காதீர்கள். வணக்கம்.