தக்கையைக் கழற்றிவிட்டீர்களா?

வணக்கம் நேயர்களே. படகை மாரிக்கு, அதாவது இங்கத்தைய உறைபனிக் காலத்துக்கு, எப்படிப் பூட்டி வைக்கிறது என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் மெக்கானிக் இல்லை. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் வீட்டுப் பின்வளவில் 16 அடி அலுமினியப் படகொன்றை ட்ரெய்லரோடு நிறுத்தி வைத்துக்கொண்டு, கோடையில் சிம்கோ ஏரிக்கும் ஸ்கூகொக் ஏரிக்கும் தூண்டில் கொண்டு போகிற ஆள். ஒரு மோட்டாரை உடைத்துப் பார்த்தவன் என்பதுதான் என்னுடைய தகுதி.

ஊரில் வாடைக்காற்றுக் காலம் வந்தால் வள்ளத்தைக் கரையில் இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். இங்கே படகு வாங்கிய முதல் வருடம் எனக்கும் அதே புத்தி. ஒக்ரோபரில் கடைசியாக ஏரிக்குப் போய்வந்தேன். படகின் பின்னால் வெளியே தொங்குகிற மோட்டாரை, ரோட்டில் கொண்டுவந்த மாதிரியே, மேலே தூக்கினபடி விட்டேன். ஒரு தறப்பாளைப் போர்த்துக் கட்டினேன். வேலை முடிந்தது என்று உள்ளே போய்ப் பிளேன்ரீ குடித்தேன்.

ஏப்ரலில் தறப்பாளை எடுத்தால், மோட்டாரின் அடியில் இருக்கிற கியர்ப் பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஸ்நோ உருகின நிலத்தில் கறுப்பாக எண்ணெய்.

நடந்தது இதுதான். இந்த மாதிரி மோட்டார்களில் எஞ்சின் புகை புரொப்பெல்லரின் நடு ஓட்டை வழியாகத்தான் வெளியே போகும். மோட்டாரைத் தூக்கி விட்டால் அந்த ஓட்டை வானத்தைப் பார்க்கும், மழைக்குக் கிண்ணம் பிடித்தது போல. தறப்பாள் அந்த இடம் வரை எட்டவில்லை. நொவம்பர் மழை உள்ளே இறங்கித் தேங்கியது, ஜனவரியில் உறைந்தது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும். ஃப்ரீசரில் மறந்துபோன சோடாப் போத்தலுக்கு என்ன நடக்குமென்று உங்களுக்குத் தெரியும். அலுமினிய வார்ப்புக்கும் அதே கதிதான்.

அதனால் மாரி முழுக்க மோட்டார் கீழே, நேராக நிற்க வேண்டும். அப்படி நின்றால் குளிர்விக்கும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். ட்ரெய்லரில் அதற்கு உயரம் போதாவிட்டால், படகின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, ஜாக்கியால் உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் பின்பக்கம் இன்னும் தாழ்ந்து மோட்டார் நிலத்தில் முட்டும். மோட்டாரைக் கழற்றி, கராஜில் ஸ்டாண்டில் நிறுத்துவதுதான் நல்லது. சின்ன மோட்டார் என்றால் இரண்டு பேர் போதும். உயரம் இருக்கிறவர்கள் மட்டும் அணியத்தை நன்றாக உயர்த்தி வையுங்கள், உள்ளே விழுகிற தண்ணீர் பின்பக்கமாக ஓடிவிடும்.

அடுத்தது கியர் எண்ணெய். வசந்தத்தில் மாற்றலாம் என்று நிறையப் பேர் தள்ளிப்போடுகிறார்கள். இதை இலையுதிர்காலத்தில்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் மாற்றுவதற்காக மட்டும் நாங்கள் அதைத் திறக்கவில்லை, பார்ப்பதற்காகவும் திறக்கிறோம். கீழ்த் திருகாணியைத் திறந்து, பிறகு மேலுள்ளதைத் திறந்தால் எண்ணெய் வடியும். வருகிற எண்ணெய் பால்ரீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, தண்ணீர் புகாமல் அடைக்கிற ஏதோ ஒரு சீல் பழுது. தூண்டில் நரம்பு புரொப்பெல்லர் தண்டில் சுற்றி சீலை வெட்டிவிடுவது மிகச் சாதாரணம். அந்தத் தண்ணீரை மாரிக்கு உள்ளே விட்டால் என் கதைதான். புது எண்ணெயைக் கீழ் ஓட்டை வழியாக மேலே வரும்வரை ஏற்றுங்கள், வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

பெற்றோல் விசயம் குளிரோடு நேரடியாகச் சேர்ந்ததில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. இங்கே சாதாரண பெற்றோலில் எத்தனோல் கலந்திருக்கும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆறு மாதம் கிடக்கப்போகிற தாங்கியில் ஸ்டெபிலைசர், அதாவது பெற்றோல் பழுதாகாமல் காக்கிற மருந்து, ஊற்றி, காதுக் கவசம் மாதிரி இருக்கிற ரப்பர் மூடிகளை மோட்டார் தண்ணீர் இழுக்கிற ஓட்டைகளில் மாட்டி, ஹோஸ் பைப்பை அவற்றோடு பூட்டி, தண்ணீர் ஓடவிட்டுப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டுங்கள். மருந்து தாங்கியில் மட்டும் கிடந்து பயனில்லை, எஞ்சினுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், பம்பின் ரப்பர் இதழ்கள் கருகிவிடும்.

உள்ளே பெரிய எஞ்சின் வைத்த படகுக்காரர்களுக்கு இந்தப் பேச்சு போதாது. அந்த எஞ்சின் புளொக்கிலும் எக்ஸோஸ்ட் பகுதியிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான டொலர் வெடித்துவிடும். பழைய தண்ணீரை முழுக்க வடித்த பிறகே அன்ரிஃப்ரீஸ் என்கிற, உறையாமல் காக்கும் ரோஸ் நிறத் திரவம் போக வேண்டும். வடிக்காமல் ஊற்றினால் கலந்து பலம் குறையும். போத்தலில் மைனஸ் 50 என்று எழுதியிருக்கும். அது குழாய் வெடிக்காமல் இருக்கிற கணக்கு. திரவம் அதற்கு வெகு முன்பே ஐஸ் கஞ்சி ஆகிவிடும். காரில் ஊற்றுகிற பச்சை நிறத் திரவத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அதிலிருக்கிற எதிலின் கிளைக்கோல் கொடிய நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும், பக்கத்து வீட்டு நாய் நக்கினால் போதும். படகுக்கு விற்பது பெரும்பாலும் நஞ்சு மிகக் குறைந்த புரொப்பிலின் கிளைக்கோல்.

எங்களைப் போன்ற சின்னப் படகுக்காரர்கள் மறக்கிற இடங்கள் வேறு. உயிர்மீன் வைக்கிற தொட்டி, அதன் பம்ப், அதற்குப் போகிற வளைந்த குழாய். நான் வாயால் ஊதித்தான் அந்தக் குழாயை வெறுமையாக்குகிறேன், மனைவி பார்த்துச் சிரிப்பார். பழைய படகுகளில் இருக்கைக்கு அடியில் மிதப்புக்காக வைத்த ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் அதுவும் உறைந்து பருக்கும்.

பற்றரியைக் கழற்றி உள்ளே கொண்டு போங்கள். முழுக்க சார்ஜ் ஏறிய ஈய அமிலப் பற்றரி மைனஸ் 50 பாகையிலும் உறையாது. முழுக்க இறங்கிப்போன பற்றரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டி பிளந்துவிடும். சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பழைய மரப்பெட்டிப் பற்றரிக் காலத்துக் கதை.

இனித் தறப்பாள். என் இரண்டாவது தோல்வி இதில்தான். தட்டையாக இழுத்துக் கட்டினேன். நடுவில் குழி விழுந்து, மழை தேங்கி, அதற்கு மேல் ஸ்நோ விழுந்து, உருகி, திரும்பவும் உறைந்து, ஃபெப்ரவரியில் படகுக்குள் ஒரு ஐஸ் தொட்டியே தொங்கியது. இப்போது நடுவில் கூரை முகடு போல ஒரு நீள மரத்தைத் தாங்குகால் கொடுத்து நிறுத்துகிறேன். எங்கள் ஊர்க் கொட்டிலின் வளை மாதிரி, இரு பக்கமும் செங்குத்தாகச் சரிய வேண்டும். முனைகளில் காற்று போகச் சின்ன இடம் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஓரங்களைப் பாரமாக்கத் தண்ணீர்க் கான்களைத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. அவை உறைந்து வெடிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும், மணல் நிரப்புங்கள். ஈரம் போக்குகிறேன் என்று தறப்பாளுக்குள் பல்ப் எரிய விடாதீர்கள், அது நெருப்பு விளையாட்டு. மிதவைச் சட்டைகளையும் மெத்தைகளையும் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், எலி குடும்பம் நடத்தும்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக, பின்பக்கத்துத் தக்கை, அதாவது படகுக்குள் சேர்கிற தண்ணீர் வடிகிற ஓட்டையின் மூடி. அதைக் கழற்றி விட்டால், தறப்பாள் கிழிந்தாலும் தண்ணீர் போய்விடும். அந்த ஓட்டைக்கு முன்னால் இலையும் சேறும் அடைத்திருக்கிறதா என்று விரல்விட்டுப் பாருங்கள்.

நான் கழற்றின தக்கையை மோட்டார்ச் சாவியோடு நூலில் கட்டி, சுவாமி அறைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிடுகிறேன். இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம், ஒரு மே மாதம் சிம்கோ ஏரியின் இறங்குதுறையில், பின்னால் வரிசையில் ஆறேழு வண்டிகள் காத்து நிற்க, படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, கால் நனைகிறதே என்று குனிந்து பார்த்தது.

தொலைபேசியில் சிலர் காத்திருப்பதாக அறிவிப்பாளர் கை காட்டுகிறார். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.