ஒரு லாம்டா: பால் தெரசாகியும் திசுப் பொருத்தமும்

வணக்கம். உங்கள் உறவில் யாருக்காவது சிறுநீரக மாற்று நடந்திருந்தால் 'கிராஸ்மேட்ச்' என்ற சொல் காதில் விழுந்திருக்கும். கொடையாளரின் செல்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் நோயாளியின் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. சிறுநீரகம் கொடுக்க அண்ணன் தயார். இரத்த வகையும் ஒத்துப்போகிறது. ஆனாலும் அந்த ஒரு முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அந்தச் சோதனை ஏன் இத்தனை முக்கியம் என்று உலகுக்குக் காட்டியவரின் கதை இது.

(காட்சி: பாலைவனத்தில் வரிசையாக மரக் கொட்டகைகள்)

பால் தெரசாகி 1929இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானிய வம்சாவளியினர். அந்த ஒரே காரணத்துக்காக, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அந்தக் குடும்பத்தை அரிசோனாவின் கிலா ரிவர் முகாமில் அடைத்தது. அப்போது அவர் சிறுவன். போர் முடிந்தபின் படித்து, 1956இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று பீட்டர் மெடாவரிடம் பயின்றார். அயல் திசுவை உடல் ஏன் ஒதுக்குகிறது என்பதை ஆராய்ந்து 1960இல் நோபல் பரிசு பெற்ற அதே மெடாவர்.

நம் செல்களின் மேற்பரப்பில் எச்எல்ஏ என்ற புரதங்கள் உள்ளன. 'இது நம் செல், இது அயல் செல்' என்று உடல் பிரித்தறிய உதவும் அடையாளம் அது. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என்று வருவதால், உடன்பிறந்த இருவருக்கு அது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்த வகையில் முதல் அடையாளத்தை 1958இல் பிரான்சின் ழான் டாசே கண்டறிந்தார்.

அடையாளம் இருப்பது தெரிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் அது என்ன வகை என்று பார்ப்பது எப்படி? எச்எல்ஏவைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் உள்ள சீரம், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, அதற்கு வேண்டும். அது பெரும்பாலும் பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களின் இரத்தத்திலிருந்து வந்தது. வயிற்றில் வளரும் குழந்தையிடம் இருக்கும் தந்தைவழி எச்எல்ஏவுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான்: முன்பின் தெரியாத நோயாளிகளுக்கு வழிகாட்டியது தாய்மையின் தடயம். ஆனால் நல்ல சீரம் அரிது. தாராளமாக ஊற்றிச் சோதிக்க முடியாது.

(காட்சி: சிறு குழிகள் கொண்ட தட்டு, மிக நெருக்கத்தில்)

1964இல் தெரசாகி இதற்கு வழி கண்டார். ஒரு சோதனைக்கு ஒரு மைக்ரோலிட்டர் சீரம் போதும். மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி உலராதிருக்க மேலே எண்ணெய். அதில் நோயாளியின் வெள்ளையணுக்களையும் முயலின் சீரத்தையும் சேர்க்க வேண்டும். எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பற்றிக்கொண்டால், முயல் சீரத்திலுள்ள புரதங்கள் செல்லின் சவ்வைத் துளைத்துவிடும். செத்த செல் சாயத்தை உறிஞ்சும், உயிருள்ளது உறிஞ்சாது. நுண்ணோக்கியில் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அந்தத் தட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அடுத்து 1969. பட்டேல் என்பவருடன் சேர்ந்து 225 சிறுநீரக மாற்றுகளை அவர் ஆராய்ந்தார். கொடையாளரின் செல்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் நோயாளியிடம் ஏற்கெனவே இருந்தது 30 பேருக்கு. அவர்களில் 24 பேருக்குப் பொருத்திய சிறுநீரகம் உடனே பழுதானது. எதிர்ப்பொருள் காணப்படாத 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்கு மட்டும். அதன்பின் கிராஸ்மேட்ச் பார்க்காமல் கத்தியை எடுப்பது நியாயமற்றதாகிவிட்டது.

மறு ஆண்டு அவர் செய்ததை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். இறந்தவர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில், திசுப் பொருத்தத்துக்கும் பலனுக்கும் எதிர்பார்த்த தொடர்பு இல்லை என்று தம் கணக்கு காட்டியதை, ஹேக் நகர மாநாட்டில் மறைக்காமல் சொன்னார். தம் வாழ்நாள் உழைப்பின் அடித்தளத்தையே அசைக்கும் முடிவு அது! அவருக்கு வந்துகொண்டிருந்த அரசு ஆய்வு நிதி நின்றது. அன்று அறியப்பட்டிருந்த எச்எல்ஏ வகைகள் மிகச் சில. உறவல்லாதவர்களிடையே பொருத்தம் என்று தோன்றியது பல நேரம் அரைகுறைப் பொருத்தம். பெரிய தரவுகள் சேர்ந்தபோதுதான் பொருத்தத்தின் நீண்டகாலப் பயன் தெளிவானது. அந்தத் தரவுகளைத் திரட்டியவர்களில் முன்னின்றவரும் அவரே.

1984இல் திசுப் பரிசோதனைப் பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றை நிறுவினார். 2010இல் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கு 5 கோடி டாலர் வழங்கினார். 2016இல் மறைந்தார். அந்த நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஒன் லாம்டா'. ஒரு மைக்ரோலிட்டரை ஆய்வகங்களில் முன்பு அப்படித்தான் அழைப்பார்கள்.