மைக் இல்லாத அரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சபையில் பாடகர் குழு நடத்துகிற யாரிடமாவது, எதற்குச் சண்டை வந்தது என்று கேட்டுப் பாருங்கள். உபதேசத்தைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மைக், சுருதி, ஒருவர் தனியாகப் பாடும் சோலோ. இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு ஒரு டிசம்பரில் சோலோ. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒரே பாட்டு. பாட ஆசைப்பட்டவர்கள் இரண்டு அக்காமார். நான் ஒருவரைப் போட்டேன். அடுத்த ஞாயிறு மற்றவர் வரவில்லை. அவர் தங்கை வரவில்லை, தங்கை மகளும் வரவில்லை. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் பாதி நாற்காலி காலி! குரலைப் பார்த்துத்தானே போட்டேன் என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன். ஆனால், யாரையும் கேட்காமல் சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பெயரைப் போட்டுவிட்டேன். அதுதான் அவரைச் சுட்டது.

அந்த நாட்களில் வேதாகமத்தில் 1 நாளாகமம் 25ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. பெயர்ப் பட்டியல்தானே என்று பலமுறை தாண்டிப் போன பகுதி. தாவீது ராஜா காலத்துப் பாடகர்கள் 288 பேர். ஆசாப், ஏமான், எதுத்தூன் என்று பெரிய வித்வான்கள் வீட்டுப் பிள்ளைகள் அதில் உண்டு. ஆனாலும் முறை வகுக்கும்போது சிறியவர் பெரியவர், ஆசான் மாணவன் என்று பார்க்காமல் சீட்டுப் போட்டார்கள். 24 சீட்டு.

நாங்களும் மாதம் ஒரு சோலோவுக்குச் சீட்டுப் போட ஆரம்பித்தோம். எல்லாப் பாட்டுக்கும் இல்லை. அவ்வளவு துணிச்சல் எனக்குக் கிடையாது. பட்டியல் இப்போது செவ்வாய்க்கிழமையே வந்துவிடும். அந்த அக்கா சீட்டுக்காகத் திரும்பி வரவில்லை. வீட்டுக்குப் போய், காபி குடித்து, மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வந்தார். அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன.

சுருதி விஷயம் சின்னது. சோலோ பாடுகிறவருக்கு வசதி என்று ஐந்து கட்டை மாதிரி உயர்ந்த சுருதியில் எடுத்தால் சபை வாயை மூடிக்கொள்ளும். சபை பாடுகிற பாட்டை இறக்கித்தான் எடுக்க வேண்டும். கீபோர்டு தம்பிக்கு அது ஒரு பட்டன்.

மைக்தான் பெரிய பாடு. கீபோர்டு சத்தம் கூடும், அது கேட்டுக் கிட்டார் கூடும், டிரம்ஸ் சும்மா இருக்குமா? கடைசியில் பாடுகிறவர்கள் மைக்கை விழுங்காத குறை. அதனால் வியாழக்கிழமைப் பயிற்சியில் முதல் அரை மணி நேரம் மைக்கே கிடையாது. பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழுகிற அளவுக்குத்தான் பாட வேண்டும்.

முதல் வியாழக்கிழமை, ஆண்களில் கீழ்க்குரலான பேஸ் பாடுகிற பெரியவர், பக்கத்தில் மேல்குரலான டெனர் பாடுகிறவரைக் கேட்டுப் பாதியில் நிறுத்தினார். "தம்பி, இந்த டெனர்க்காரர் இரண்டாவது வரியைத் தப்பாகப் பாடுகிறாரே! இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் இன்றைக்குத்தான் கேட்டது."

டெனர்க்காரர் சிரித்தார். "ஐயா, உங்கள் மூன்றாவது வரியும் எனக்கு இன்றைக்குத்தான் கேட்டது."