ஒரே எடை, ஒரே அளவு: தசைத் தளர்த்தி மருந்து பெண்களிடம் கூடுதலாக வேலை செய்வது ஏன்?

(திரையில்: அறுவை அரங்கு, இரண்டு மருந்து ஊசிகள் அருகருகே.)

வணக்கம். அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கும் அதே எடையுள்ள ஒரு பெண்ணுக்கும், மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவதற்கு முன், ரொகுரோனியம் என்ற தசைத் தளர்த்தி மருந்து கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் வீதம் 36 மில்லிகிராம் செலுத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொதுவாகப் பார்த்தால், பெண்ணின் தசைகள் விரைவாகத் தளர்ந்து, மெதுவாகவே மீள்கின்றன. ஒரே அளவு தளர்வை உண்டாக்கப் பெண்களுக்குச் சுமார் 30 சதவீதம் குறைவான ரொகுரோனியமே போதும் என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே வகைத் தசைத் தளர்த்தியான வெகுரோனியத்திலும் இதே போக்கு காணப்பட்டது.

இம்மருந்து உறக்கத்தையும் தராது, வலியையும் போக்காது. நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தசையில் அமர வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே.

(திரையில்: இரு உடல்களின் நீர், கொழுப்பு, தசை விகிதம்.)

வேறுபாட்டுக்குப் பெரிதும் சொல்லப்படும் காரணம் உடலின் அமைப்பு. ரொகுரோனியம் நீரில் கரைவது. கொழுப்புக்குள் எளிதில் புகாமல், செல்களுக்கு வெளியேயுள்ள நீரிலேயே பெரும்பாலும் பரவுகிறது. ஒரே எடையில் பெண்ணுடலில் சராசரியாகக் கொழுப்பு கூடுதலாகவும் தசையும் நீரும் குறைவாகவும் இருப்பதால், எடையைக் கொண்டு கணக்கிட்ட மருந்து அங்கே அடர்த்தியாகி விடுகிறது. ஆனால் இது முழு விடையாகத் தோன்றவில்லை. நீரளவு மட்டுமே காரணமென்றால், சிஸ்அட்ராகுரியம் என்ற மற்றொரு தசைத் தளர்த்தியிலும் இதே வேறுபாடு தெரிய வேண்டும். அங்கே அது அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ரொகுரோனியத்தைப் பெரும்பாலும் கல்லீரல் வெளியேற்ற, சிஸ்அட்ராகுரியமோ உடல் வெப்பத்திலும் இரத்தத்தின் காரத்தன்மையிலும் தானே சிதைகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டியுள்ளது.

(திரையில்: மணிக்கட்டில் மின்முனைகள், அசையும் கட்டைவிரல்.)

இவை சராசரிகள் என்பதால், பெண் என்றதும் அளவைக் குறைத்துவிடுவது சரியாகாது. குறைத்தால் குழாய் பொருத்தும் நேரத்தில் தளர்வு போதாமல் போகலாம். கடிகாரத்தை நம்பாமல் தசையையே கேட்பதுதான் நல்ல வழி. மணிக்கட்டிலுள்ள நரம்பை நான்கு முறை தொடர்ந்து தூண்டி, கட்டைவிரலின் நான்காவது துடிப்பின் வலிமையை முதலாவதோடு ஒப்பிட்டு, அந்த விகிதம் 0.9-ஐ எட்டிய பிறகே குழாயை எடுக்க வேண்டும். அதற்கு முன்பே எடுத்தால், எஞ்சிய தளர்வினால் தொண்டைத் தசைகள் வலுவிழந்து, மூச்சுத் தடையும் உமிழ்நீர் நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்தும் நேரலாம்.

தளர்விலிருந்து தசையை மீட்கத் தரப்படும் சுகமாடெக்ஸ், ரொகுரோனியம் மூலக்கூறைத் தனக்குள் அடைத்துக்கொள்கிறது. கருத்தடை மாத்திரையிலுள்ள புரோஜெஸ்டோஜென் என்ற ஹார்மோனையும் அது ஓரளவு பிடித்துக்கொள்ளக்கூடும். ஆகவே ஹார்மோன் கருத்தடை முறையைப் பின்பற்றும் பெண்கள், அந்த ஊசிக்குப் பின் ஏழு நாட்களுக்கு ஹார்மோன் அல்லாத மற்றொரு கருத்தடை முறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். மயக்கம் தெளிந்த அரைத்தூக்கத்தில் சொன்னால் இது நினைவில் நிற்காது. வீடு திரும்பும்போது தரும் தாளில் எழுதியே கொடுக்க வேண்டும்.