ஏழு சிலபிளில் அழுத்தம் எதன்மேல் விழும்?

(சேலத்தில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம். மேட்டூர் அணையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசப் போனால் 'ஹைட்ரோஎலெக்ட்ரிசிட்டி' (நீர்மின்சாரம்) வந்தே தீரும். இன்றைக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

ஹை, ட்ரோ, இ, லெக், ட்ரி, சி, ட்டி என ஏழு சிலபிள், அதாவது ஏழு ஒலித்துண்டு. இதை 'அசை' என்று சொல்லிக்கொடுத்தால் யாப்பு படித்த பிள்ளை குழம்பும். நிரையசைக்குள் இரண்டு உயிர் உண்டு, சிலபிளுக்கோ ஓர் உயிரொலிதான். எழுத்தை விட்டுவிட்டு உயிரொலியை எண்ணச் சொல்லுங்கள்.

பொருள் தாங்கும் சொல்லுறுப்போ நான்குதான்: ஹைட்ரோ, எலெக்ட்ர், இக், இட்டி. முதலாவது கிரேக்கத்தில் நீர். இரண்டாவது அம்பர் என்னும் கெட்டிப்பட்ட மரப்பிசின். தேய்த்தால் அதில் துரும்பு ஒட்டும். 1600இல் வில்லியம் கில்பர்ட் அந்தக் குணத்துக்கு அம்பரின் பெயரிலிருந்தே லத்தீன் சொல் அமைத்தார். ஒன்றைக் கவனியுங்கள்: உறுப்பு பிரிவது 'ட்ர்' முடிந்த பிறகு, சிலபிள் பிரிவது 'ட்ர்' தொடங்குமுன். கரும்பலகையில் இரண்டுக்கும் ஒரே கோடு போடாதீர்கள்.

அழுத்தத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 'இக்' விகுதி தனக்கு முந்தின சிலபிளை அழுத்தும்; எனவே ஹைட்ரோஎலெக்ட்ரிக்கில் அழுத்தம் 'லெக்'மேல். 'இட்டி'யும் அப்படியே, அது சேர்ந்ததும் அழுத்தம் 'ட்ரி'க்கு நகர்கிறது, ககர ஒலி சகரமாகிறது. எலெக்ட்ரிஷியனில் அதுவே ஷகரம். (அராபிக், பாலிடிக்ஸ் போன்ற சில இந்த விதிக்கு அடங்கா.) தொடக்க 'ஹை'க்கு அதைவிட மெல்லிய இரண்டாம் நிலை அழுத்தம் உண்டு.

அழுத்துவது கத்துவதல்ல. 'ட்ரி'யில் சுருதி ஏற வேண்டும், சற்றே நீள வேண்டும். அக்கம்பக்கத்தவை சுருங்க வேண்டும். நாமோ ஏழையும் சம எடையில் சொல்கிறோம். போதாததற்கு, தமிழெழுத்தில் 'ட்டி' என்று இரட்டிப்பதால் கடைசியில் நாக்கு தங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது ஒற்றை, விரைந்து முடியும். 'லெக்'குக்கும் 'ட்ரி'க்கும் நடுவே உகரம் நுழைந்து 'லெக்குட்ரி' ஆனால் சிலபிள் எட்டாகிவிடும், உடனே திருத்துங்கள். 'ட்ரோ'வுக்குப் பின் மெல்லிய வகரம் வந்தால் விட்டுவிடுங்கள். நம் உடம்படுமெய் போல ஆங்கிலேயர் வாயிலும் அங்கே உதடு குவிந்து அவ்வொலி எழும்.

பயிற்சியைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்: சிட்டி, ட்ரிசிட்டி, லெக்ட்ரிசிட்டி, இலெக்ட்ரிசிட்டி, பிறகு ஹைட்ரோ. ஒவ்வொரு முறையும் 'ட்ரி'யில் மட்டும் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். முழுச்சொல் வரும்போது 'ஹை'க்கு மெதுவாக இன்னொரு தட்டு.